ஒரு துளி இரத்தம், ஓர் அமானத்



சில மாதங்களுக்கு முன்பு ஒரு மாலையில், மக்தப் பிள்ளைகள் கலைந்து சென்ற பிறகு, என்னிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் மதரஸாத் திண்ணையில் காத்திருந்தார். கையில் நான்கைந்து தாள்கள். அவருடைய மூன்றரை வயது மகனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. நடையிலும் தள்ளாட்டம் இருக்கிறது. மரபணுச் சோதனை செய்து பார்க்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்கான ஒப்புதல் படிவம்தான் அவர் கையில் இருந்தது.

"ஹஜ்ரத், டெஸ்ட் எடுக்கிறதுக்குச் சம்மதம்தான். ஆனா இந்தக் கடைசிப் பாராதான் புரியல. மிச்சமாகிற இரத்தத்தையும் ரிப்போர்ட்டையும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கலாமான்னு கேட்கிறாங்க. யாரு ஆராய்ச்சி பண்றாங்க, யாரு காசு கொடுக்கிறாங்க, நம்ம புள்ள இரத்தத்துல அவங்களுக்கு என்ன வேலை? கையெழுத்துப் போடலாமா?"

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் கேட்டார். "சொந்தத்துல முடிச்சதாலதான் இப்படின்னு எல்லாரும் சொல்றாங்க. வீட்டுல அவளையே குத்திக் காட்டுறாங்க. நாங்க தப்பு பண்ணிட்டோமா ஹஜ்ரத்?"

அவருடைய மனைவி அவருக்கு மாமன் மகள். அந்த நிக்காஹின் குத்பாவை ஓதியவன் நான். அன்றைக்கு அவருக்கு நான் சொன்ன பதில், "அல்லாஹ்வின் மீது தவக்குல் வையுங்கள், துஆச் செய்கிறேன்" என்பது மட்டுமே. சொன்னதில் பிழையில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்விகளுக்கு அது பதிலாகவும் இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு கற்பித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தைச் சேர்ந்த ஓர் உஸ்தாத், கயிறு எங்கே இருக்கிறது என்றுகூடத் தேடாமல் ஒரு தந்தையை அனுப்பிவிட்டான் என்ற உறுத்தல் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. அதன் பிறகு படித்தும் கேட்டும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

பிராட்ஃபோர்டில் நடந்தது

இந்தக் கேள்விகள் அனைத்தையும் நமக்கு முன்பே சந்தித்த ஒரு முஸ்லிம் சமூகம் இங்கிலாந்தின் வடபகுதியில் இருக்கிறது. பிராட்ஃபோர்டு என்பது பழைய கம்பளி ஆலை நகரம். 1950, 60களில் ஆலை வேலைக்காக அங்கே குடியேறியவர்களில் பெரும்பாலோர் காஷ்மீரின் மீர்பூர் பகுதியைச் சேர்ந்தவர்கள். மங்கலா அணைக்காக நிலத்தையும் வீட்டையும் இழந்தவர்களும் அவர்களில் உண்டு. ஊரைவிட்டுப் பிரிந்தவர்கள் உறவைவிட்டும் பிரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொந்தத்திலேயே மணமுடிக்கும் வழக்கத்தை இறுகப் பற்றிக்கொண்டார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் காரணங்கள்தான் அவர்களுடையவையும்: சொத்து வெளியே போகாது, பெண்ணுக்குப் பாதுகாப்பு, தெரிந்த குடும்பம்.

அந்நகரில் குழந்தை இறப்பும் பிறவிக் குறைபாடுகளும் நாட்டின் சராசரியைவிட மிகுந்திருந்தன. வறுமையா, காற்று மாசா, உணவா, உறவுத் திருமணமா என்று ஆளுக்கொன்று சொன்னார்களே தவிர, சான்று எவரிடமும் இல்லை. அதைக் கண்டறிவதற்காகத் தொடங்கப்பட்டதே 'பார்ன் இன் பிராட்ஃபோர்டு' என்னும் ஆய்வு. அதை வழிநடத்தியவர் மருத்துவர் ஜான் ரைட். 2007 முதல் 2010 வரை பிராட்ஃபோர்டு ராயல் மருத்துவமனைக்குப் பேறுகாலப் பரிசோதனைக்கு வந்த 12,453 தாய்மார்கள் அதில் சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பிறந்த 13,858 குழந்தைகள் அன்று முதல் கவனிக்கப்பட்டு வருகிறார்கள். தாய்மார்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பாகிஸ்தானிய வம்சாவளியினர். தாயின் இரத்தமும் பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி இரத்தமும் சேமிக்கப்பட்டன. கேள்விகள் உருதுவிலும், நிலைபெற்ற எழுத்து வடிவம் இல்லாத மீர்பூரி மொழியிலும்கூடக் கேட்கப்பட்டன. படிக்கத் தெரியாத தாயும் தான் எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதைத் தன் மொழியில் கேட்டறிய வேண்டும் என்பது அதன் நோக்கம்.

பணம் யாருடையது?

என் மாணவரின் முதல் கேள்வி இதுதான். இத்தகைய ஆய்வு ஓராண்டில் முடிவதன்று. குழந்தை வளர வளர, இருபது முப்பது ஆண்டுகள் தொடர வேண்டும். இரத்த மாதிரிகளைப் பல்லாண்டுக் காலம் உறைநிலையில் பாதுகாக்க வேண்டும். எந்த ஒரு மருத்துவமனையாலும் தனியாக இதைத் தாங்க இயலாது. ஆகவே பிராட்ஃபோர்டு ஆய்வுக்குப் பல கைகளிலிருந்து நிதி வந்தது. பிரிட்டன் அரசின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம், பொருளாதார சமூக ஆராய்ச்சி மன்றம், தேசிய சுகாதார ஆராய்ச்சி அமைப்பு ஆகியவை மக்களின் வரிப்பணத்திலிருந்து கொடுத்தன. பிரிட்டிஷ் இதய அறக்கட்டளை பொதுமக்களின் நன்கொடையிலிருந்து கொடுத்தது. வெல்கம் அறக்கட்டளை தன் மூலதனத்தின் வருவாயிலிருந்து கொடுத்தது.

இந்த வெல்கம் அறக்கட்டளையைப் பற்றிப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஹென்றி வெல்கம் என்பவர் மருந்து வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டியவர். 1936இல் அவர் மறைந்தபோது, தம் நிறுவனத்தின் பங்குகள் முழுவதையும் அறங்காவலர்களிடம் ஒப்படைத்து, அதன் வருவாயை மருத்துவ ஆராய்ச்சிக்குச் செலவிடுமாறு உயில் எழுதியிருந்தார். இன்று அந்த அறக்கட்டளையின் மூலதனம் 3,500 கோடி பவுண்டுக்கும் மேல். மூலப்பொருளைக் காத்து, அதன் பலனை மக்களுக்குக் கொடுப்பது என்ற இந்த ஏற்பாட்டை நாம் எங்கே கற்றிருக்கிறோம்? கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, அடிநிலத்தை நிறுத்தி வைத்து விளைச்சலைத் தர்மம் செய்யும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வக்ஃபு என்ற ஏற்பாட்டுக்கு நம் ஃபிக்ஹ் நூல்கள் முதன்மை ஆதாரமாகக் காட்டுவது அந்நிகழ்ச்சியைத்தான். டமாஸ்கஸில் நூருத்தீன் அமைத்த மருத்துவமனையும், 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மன்ஸூரி மருத்துவமனையும் வக்ஃபு வருவாயில் நடந்தவை. அங்கே சிகிச்சையோடு மருத்துவக் கல்வியும் இடம்பெற்றது.

பிராட்ஃபோர்டின் முஸ்லிம் குழந்தைகளுடைய நோய்க்குக் காரணம் தேடிய பணத்தில் ஒரு பகுதி, வக்ஃபைப் போலவே அமைந்த ஒரு கிறிஸ்தவ நாட்டு வணிகரின் உயிலிலிருந்து வந்தது. அதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நம்மைப் பற்றித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பல கைகள் சேர்ந்த வேலை

பணத்தைப் போலவே உழைப்பும் ஓரிடத்தில் இல்லை. குழந்தையைப் பார்த்துக் குறைபாட்டை விவரிப்பவர் மருத்துவர். அதன் மரபணுவைப் படிப்பது வெல்கம் சாங்கர் போன்ற பெரிய ஆய்வு நிலையம். அந்த எழுத்துக்களில் எது நோய், எது இயல்பான வேறுபாடு என்று பிரித்தறிவதற்கு வேறு ஆயிரக்கணக்கான குழந்தைகளின் விவரங்கள் தேவை. ஒரே ஒரு குழந்தையின் மரபணுவை மட்டும் வைத்துக்கொண்டு பெரும்பாலும் எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. உலகில் எங்கோ இதே மாற்றமும் இதே அறிகுறிகளும் உள்ள இரண்டாவது குழந்தை கிடைக்கும்போதுதான் நோய்க்குப் பெயர் கிடைக்கிறது.

இதைக் கண்கூடாகக் காட்டியது பிரிட்டனில் நடந்த மற்றோர் ஆய்வு. காரணம் தெரியாத வளர்ச்சிக் குறைபாடுள்ள 13,000க்கும் மேற்பட்ட குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் பிரிட்டன், அயர்லாந்து நாடுகளின் 24 மரபியல் மருத்துவ மையங்கள் சேர்ந்து பதிவு செய்தன. வெல்கமும் பிரிட்டன் சுகாதாரத் துறையும் கூட்டாக நிதியளித்தன. 2023இல் வெளியான அதன் தொகுப்பின்படி, ஏறத்தாழ 5,500 குழந்தைகளுக்குக் காரணம் கண்டறியப்பட்டது. அவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு, அது தாயிடமோ தந்தையிடமோ இல்லாமல், குழந்தையிடம் புதிதாகத் தோன்றிய மரபணு மாற்றம்.

இந்தக் கடைசி வரியை நம் குடும்பங்களின் மாமியார்களும் நாத்தனார்களும் கேட்க வேண்டும் என்று விரும்புகிறேன். குழந்தைக்குக் குறை என்றவுடன், "உன் வயிற்றில் வந்தது" என்று மருமகளை நோக்கி விரல் நீட்டுகிறோமே, அதற்கு அறிவிலும் இடமில்லை, மார்க்கத்திலும் இடமில்லை.

சொந்தத்தில் மணமுடிப்பது பற்றி

அதே சமயம், உண்மையின் மறுபாதியையும் மறைக்கக் கூடாது. 2013இல் 'லான்செட்' மருத்துவ இதழில் பிராட்ஃபோர்டு ஆய்வின் முடிவு வெளிவந்தது. 11,396 குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்ததில், பாகிஸ்தானிய வம்சாவளிக் குழந்தைகளில் 37 விழுக்காட்டினர் மாமன், அத்தை, சித்தப்பா, சின்னம்மா மக்களுக்கிடையே நடந்த திருமணத்தில் பிறந்தவர்கள். அத்தகைய திருமணத்தில் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 3 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாக, அதாவது இருமடங்காக உயர்கிறது. வறுமையே காரணம் என்ற வாதம் நிற்கவில்லை. ஏழ்மையின் அளவைக் கணக்கில் எடுத்த பின்பும் இவ்வேறுபாடு மாறவில்லை.

இந்த எண்ணை இரண்டு விதமாகவும் படிக்கப் பழக வேண்டும். ஆபத்து இருமடங்கு என்பது உண்மை. நூற்றில் 94 குழந்தைகள் அத்தகைய குறைபாடின்றிப் பிறக்கிறார்கள் என்பதும் உண்மை. அதே ஆய்வில், 34 வயதைக் கடந்து பிள்ளை பெறும் வெள்ளையினத் தாய்மார்களுக்கும் ஆபத்து ஏறத்தாழ இருமடங்காவது தெரிந்தது. அவர்களை எவரும் இழித்துப் பேசுவதில்லை. இன்னொன்றும் அதில் தெரிந்தது: எந்த இனத்தவராயினும், தாய் உயர்கல்வி பெற்றவராக இருந்தால் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பெண்பிள்ளைகளின் படிப்பைப் பத்தாம் வகுப்போடு நிறுத்துவோர் இதைக் கவனிக்கவும்.

ஏன் இப்படி நிகழ்கிறது என்பதையும் எளிமையாகச் சொல்லிவிடலாம். நம் ஒவ்வொருவரிடமும் பழுதுள்ள சில மரபணுக்கள் மறைந்திருக்கின்றன. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வொரு மரபணுவும் இரண்டு படிகளாக வருவதால், ஒன்று பழுதானாலும் பெரும்பாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். கணவனும் மனைவியும் ஒரே பாட்டனாரின் பேரப்பிள்ளைகளாக இருந்தால், அவரிடமிருந்த அதே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இருவரிடமும் இருந்தால், நான்கில் ஒரு குழந்தை இரண்டு பழுதுப் படிகளையும் பெறக்கூடும். 2018இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வில், வளர்ச்சிக் குறைபாடுள்ள ஐரோப்பிய வம்சாவளிக் குழந்தைகளில் இவ்வகைக் காரணம் 3.6 விழுக்காடு என்றும், பாகிஸ்தானிய வம்சாவளிக் குழந்தைகளில் 31 விழுக்காடு என்றும் கணித்தார்கள்.

இதே உறவுத் திருமணங்களால் அறிவியலுக்குக் கிடைத்த ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். 2016இல் பாகிஸ்தானிய வம்சாவளியைச் சேர்ந்த 3,222 பேரின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, ஒரு மரபணுவின் இரண்டு படிகளும் செயலிழந்தும் நலமாக வாழ்வோர் பலர் காணப்பட்டார்கள். எலிகளில் செயலிழந்தால் மலட்டுத்தன்மை உண்டாக்கும் ஒரு மரபணு அறவே இல்லாத ஒரு பெண்மணி, பிள்ளைகளைப் பெற்று நலமாக இருந்தார். எந்த மரபணுவைத் தடுத்தால் மனிதனுக்குத் தீங்கில்லை என்று தெரிந்தால், அதைக் குறிவைத்துப் புதிய மருந்து செய்யலாம். கிழக்கு லண்டனில் பங்களாதேஷிய, பாகிஸ்தானிய முஸ்லிம்களிடையே நடக்கும் 'ஜீன்ஸ் அண்டு ஹெல்த்' ஆய்வுக்குப் பொது நிதியோடு மருந்து நிறுவனங்களும் பணம் கொடுக்க முன்வந்ததற்கு இது ஒரு காரணம்.

அச்சம் வீணானதா?

இங்கேதான் என் மாணவரின் அச்சம் வருகிறது. அதை அறியாமை என்று ஒதுக்க என்னால் இயலவில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஹவசுப்பாய் என்னும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களிடையே நீரிழிவு மிகுந்திருந்ததால், 1990களில் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இரத்தம் கொடுத்தார்கள். அதே இரத்தம் பின்னர் மனநோய் பற்றியும், அம்மக்கள் எங்கிருந்து குடியேறினார்கள் என்பது பற்றியும் ஆராய்வதற்கு அவர்கள் அறியாமலே பயன்படுத்தப்பட்டது. வழக்கு நடந்து, 2010இல் பல்கலைக்கழகம் 7,00,000 டாலர் கொடுத்து உடன்பாட்டுக்கு வந்தது. மீதமிருந்த இரத்தமும் அம்மக்களிடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டது.

எண்கள் அரசியலுக்குப் பயன்படுவதும் உண்டு. 2024 டிசம்பரில் பிரிட்டன் நாடாளுமன்றத்தில், மாமன், அத்தை, சித்தப்பா மக்களுக்கிடையிலான திருமணத்தைத் தடை செய்யக் கோரும் மசோதா ஒன்று கொண்டுவரப்பட்டது. குழந்தைகளின் நலனுக்காகத் தாய்மார்கள் கொடுத்த விவரங்கள், ஒரு சமூகத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பேச்சுகளுக்கும் ஆதாரமாக எடுத்தாளப்பட்டன.

ஆயினும் இதிலிருந்து 'கொடுக்கவே கூடாது' என்ற முடிவுக்கு வருவது சரியாகாது. நம் குழந்தைகளின் விவரங்கள் ஆய்வில் இல்லாவிட்டால், நம் குழந்தைகளுக்கு வரும் நோய்களுக்குப் பெயரும் கிடைக்காது, மருந்தும் கிடைக்காது. இதுவரை உலகில் சேகரிக்கப்பட்ட மரபணு விவரங்களில் மிகப் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையவை. ஒதுங்கி நின்றால் இழப்பு நமக்கே. பிராட்ஃபோர்டு மக்கள் ஒதுங்கவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவும் இல்லை. ஆய்வில் தாங்களும் பங்காளிகளாக அமர்ந்தார்கள். பெற்றோர்கள் ஆலோசனைக் குழுக்களில் இடம்பெற்றார்கள். முடிவுகள் அவர்களிடம் திரும்பிச் சென்றன. 2016 முதல் 2019 வரை அந்நகரின் சில வட்டாரங்களில் புதிதாகச் சேர்க்கப்பட்ட தாய்மார்களிடம் கேட்டபோது, பாகிஸ்தானிய வம்சாவளியினரில் உறவில் மணந்தோர் 46 விழுக்காடு. அதே வட்டாரங்களில் பத்தாண்டுகளுக்கு முன்பு அது 62 விழுக்காடு. சட்டம் எதுவும் இதைச் செய்யவில்லை. பிள்ளைகள் படித்ததும், குடும்பங்கள் விவரம் அறிந்து தாமாகத் தீர்மானித்ததும் இதில் பங்கு வகித்திருக்க வேண்டும்.

நம் நூல்கள் சொல்வது

"ஹலாலை ஹராமாக்கப் பார்க்கிறீரா?" என்று சிலர் கேட்கக்கூடும். இல்லை. சூரத்துந் நிஸாவின் 23ஆம் வசனம் யாரை மணப்பது ஹராம் என்று வரையறுக்கிறது. அக்காள் மகளை மணக்கும் வழக்கம் நம்மைச் சுற்றியுள்ள பிற சமூகங்களில் இருந்தபோதும், அது நமக்கு விலக்கப்பட்டது. மாமன் மகளும் அத்தை மகளும் ஆகுமானவர்கள். நபி (ஸல்) அவர்களே தம் மாமி மகளான ஸைனப் (ரலி) அவர்களை மணந்திருக்கிறார்கள். இதில் எவருக்கும் கருத்து வேறுபாடில்லை.

ஆனால் ஆகுமானது என்பது வேறு, ஒவ்வொரு முறையும் அதுவே சிறந்தது என்பது வேறு. நம் ஷாஃபிஈ மத்ஹபின் மதரஸாக்களில் ஓதப்படும் 'மின்ஹாஜ்' நூலில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், பெண் தேடும்போது கவனிக்கத்தக்க தன்மைகளை எண்ணுகையில், நெருங்கிய உறவினளாக இல்லாதிருப்பதையும் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் 'இஹ்யா'வில் அவ்வாறே குறிப்பிடுகிறார்கள். அதற்குச் சான்றாகச் சொல்லப்படும் ஹதீஸ் உறுதியானதல்ல என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். ஆகவே அதை மார்க்கக் கட்டளையாக எவரும் சொல்லக் கூடாது. ஆயினும் மரபணு என்ற சொல்லே இல்லாத காலத்தில், பிள்ளைகள் மெலிந்து பிறப்பதைக் கண்ணால் கண்டு நம் முன்னோர் சொன்ன அனுபவ அறிவு அது. இருபது ஆண்டுகளாக அந்த வரியை ஓதிக்கொடுத்தவன் நான். ஒரு நிக்காஹ் பேச்சிலும் அதை எடுத்துச் சொன்னதில்லை.

பரம்பரைத் தன்மை என்பதும் நம் மார்க்கத்துக்கு அந்நியமானதன்று. தம் மனைவி கருநிறக் குழந்தை பெற்றுவிட்டாள் என்று ஐயத்தோடு வந்த ஒரு கிராமத்து அரபியிடம் நபி (ஸல்) அவர்கள் ஒட்டகங்களைப் பற்றிக் கேட்டார்கள். சிவந்த ஒட்டகங்களுக்கிடையே சாம்பல் நிறக் குட்டி எங்கிருந்து வந்தது என்று அவரையே சிந்திக்க வைத்தார்கள். முன்னோரின் தன்மை ஏதேனும் இழுத்திருக்கலாம் என்று அவர் சொன்னபோது, உம் குழந்தைக்கும் அவ்வாறே இருக்கலாம் என்று விளக்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள இந்நிகழ்ச்சியில் நான் கவனிப்பது, பரம்பரையைப் பற்றிய அந்த அறிவு ஒரு தாயின் மானத்தைக் காப்பதற்காகவே அங்கே பயன்பட்டது என்பதைத்தான். நம் வீடுகளில் அது அவளைக் குத்துவதற்குப் பயன்படுகிறது.

நம் ஊருக்கு வருவோம்

உறவுத் திருமணம் முஸ்லிம்களின் வழக்கம் மட்டுமன்று. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவிலேயே அது மிகுதியாக உள்ள மாநிலங்களில் தமிழ்நாடு முன்னிலை வகிக்கிறது. எல்லாச் சமயத்தவரையும் சேர்த்து, நான்கில் ஒரு திருமணத்துக்கு மேல் உறவுக்குள் நடக்கிறது. மேலும், சொந்தத்தில் மணக்காவிட்டாலும், ஒரு சிறு வட்டத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கொண்டு கொடுத்தால் அதே விளைவு ஓரளவு ஏற்படும். ஹைதராபாத் ஆய்வாளர்களும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகக் குழுக்களை ஆராய்ந்து இதைக் காட்டியது. ஊருக்குள்ளேயே, குறிப்பிட்ட சில குடும்பங்களுக்குள்ளேயே மணமுடிக்கும் நம் ஊர்களுக்கும் இது பொருந்தும்.

இங்கும் ஆய்வுகள் நடக்கின்றன. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை நிதியளிக்க, 20 நிறுவனங்கள் சேர்ந்து நடத்திய 'ஜீனோம் இந்தியா' திட்டம், 10,000 இந்தியரின் முழு மரபணு விவரங்களை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. அதே துறை வெல்கமுடன் சேர்ந்து 2008 முதல் இந்திய ஆய்வாளர்களுக்கு நிதியளித்து வருகிறது. பாதுகாப்பு விதிகளும் உண்டு. ஐசிஎம்ஆர் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், விளங்கிப் பெற்ற சம்மதத்தைக் கட்டாயமாக்குகின்றன. வெளிநாட்டு நிதியோடு நடக்கும் மருத்துவ ஆய்வு, சுகாதார அமைச்சகத்தின் குழுவிடம் ஒப்புதல் பெற வேண்டும். விதி இருக்கிறது என்பதற்காக நாம் கேள்வி கேட்காமல் இருக்க வேண்டியதில்லை.

ஆகவே, படிவத்தில் கையெழுத்திடும் முன் ஒவ்வொரு தந்தையும் தாயும் இவற்றைக் கேளுங்கள். இந்த ஆய்வுக்குப் பணம் கொடுப்பவர் யார்? இரத்தமும் விவரங்களும் எங்கே, யார் பொறுப்பில் இருக்கும்? வேறோர் ஆய்வுக்கோ மருந்து நிறுவனத்துக்கோ கொடுப்பதாயின் மீண்டும் எங்களிடம் கேட்பீர்களா? பெயர் நீக்கப்படுமா? பின்னர் மனம் மாறினால் விலகிக்கொள்ளலாமா? எங்கள் பிள்ளைக்குப் பயன்படும் முடிவு ஏதேனும் தெரிந்தால் எங்களுக்குச் சொல்வீர்களா? நேர்மையான ஆய்வாளர் இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். பதில் சொல்லத் தயங்கினால், ஆராய்ச்சிக்குரிய இடத்தில் 'இல்லை' என்று எழுதிவிடுங்கள். சிகிச்சைக்குரிய சோதனை அதனால் நிறுத்தப்படக் கூடாது, அதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஆலிம்களுக்கும் என் வேண்டுகோள் மூன்று. நிக்காஹ் பதிவுக்கு வரும் குடும்பங்களிடம், குறிப்பாகச் சொந்தத்தில் முடிப்போரிடம், குடும்பத்தில் சிறுவயதில் இறந்த குழந்தைகளோ வளர்ச்சிக் குறைபாடோ இரத்த நோயோ உண்டா என்று தனிமையில், மென்மையாகக் கேட்போம். இருந்தால் நிச்சயத்துக்கு முன்பே மரபியல் ஆலோசகரிடம் அனுப்புவோம். குறைபாடுள்ள பிள்ளைகளை மக்தபில் சேர்த்துக்கொண்டு, அவர்களுடைய தாய்மார்களைப் பழிச்சொல்லிலிருந்து காப்போம். மூன்றாவதாக, வசதியுள்ள ஊர்களின் வக்ஃபு வருவாயிலும் வெளிநாட்டில் பொருளீட்டுவோரின் ஸதகாவிலும் ஒரு பங்கை, இச்சோதனைகளுக்குச் செலவிட இயலாத குடும்பங்களுக்கு ஒதுக்குவோம். வாகிஃப் விதித்த நிபந்தனை இடந்தராத வக்ஃபைத் தொட வேண்டாம்; புதிதாக வக்ஃபு செய்வோரிடம் இந்த நிய்யத்தை எடுத்துச் சொல்வோம். ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் மேசையில் நமக்கும் ஒரு நாற்காலி இருந்தால், நம் இரத்தம் எப்படிப் பயன்படுகிறது என்று கேட்கும் உரிமையும் நமக்குக் கூடுதலாகக் கிடைக்கும்.

என் மாணவர் மீண்டும் வந்தார். இம்முறை அவருடைய மனைவியும் உடன் வந்து, பர்தாவுக்கு அப்பால் அமர்ந்து கேட்டார். மேலே எழுதிய கேள்விகளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். இருவரும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டு இடத்திலும் கையெழுத்திட்டார்கள். "எங்களுக்குப் பயன்படலைன்னாலும், இன்னொரு புள்ளைக்காவது பேர் தெரியட்டும் ஹஜ்ரத்" என்றார் அந்தத் தாய். சோதனை முடிவு இன்னும் வரவில்லை. அதில் என்ன இருந்தாலும், அவர்கள் செய்தது பாவமல்ல என்று இம்முறை தெளிவாகச் சொன்னேன். அன்று குத்பா ஓதிய நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டேன் என்பதையும் ஒப்புக்கொண்டேன்.

அச்சிறுவனுக்கும், அவனைப் போன்ற எல்லாக் குழந்தைகளுக்கும் அல்லாஹ் ஷிஃபாவை அருள்வானாக. அவர்களைச் சுமக்கும் பெற்றோரின் பொறுமையை ஏற்றுக்கொள்வானாக. நம் கைக்கு வந்த அமானத்துகளை அறிந்து பேணும் நல்லறிவை நமக்குத் தருவானாக. ஆமீன்.